ஊமைப்படத்தில் வாயை விட்டவன்

ஆர்லோ டென்னிங்குக்கு ஆண்டவன் முகத்தை அள்ளிக் கொடுத்துவிட்டுக் குரலில் கையை இறுக்கிவிட்டான். வாட்டசாட்டமான ஆள், தடித்த புருவம், துக்கம் தோய்ந்த பெரிய கண்கள். வாயைத் திறந்தால் மட்டும் கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட ஆட்டுக்குட்டி. இந்தக் குரலை வைத்துக்கொண்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தான் என்றால் அவன் நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள். டொலீடோ நகரத்தில் ஒரு நாள், மேடையில் சாகக் கிடந்த மகளைப் பார்த்து, "கண்ணே, அப்பா வந்துட்டேன்" என்று கதறினான். மாடியில் உட்கார்ந்திருந்த எவனோ, "யாராச்சும் அந்த ஆட்டுக்குத் தண்ணி காட்டுங்கப்பா!" என்று கத்தினான். கொட்டகையே குலுங்கியது. செத்துக்கொண்டிருந்த மகளும் சிரித்துவிட்டாள். மறுநாளே முதலாளி அவனைத் திரை இழுக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார்.

அந்த நாடகக்காரர்கள் தங்கியிருந்த விடுதியில் துணி துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் லெட்டி. சின்ன வயதில் விஷக்காய்ச்சல் வந்து காது போனவள். கை ஜாடை காட்டினால் பிரம்பால் விளாசும் காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அடி வாங்கி வாங்கியே எதிராளியின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். கொட்டகை சிரித்த அன்றைக்கு ஆர்லோ விடுதி அடுப்படியில் உட்கார்ந்து தன் துக்கத்தையெல்லாம் அவளிடம் கொட்டினான். அவள் அவன் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள், சிரிக்கவே இல்லை. அவன் பேசி முடிக்கும்வரை சிரிக்காமல் இருந்த முதல் பிறவி அவள்தான். அதற்காகவே கட்டிக்கொண்டான். காதல் என்று அவன் ஊரெல்லாம் சொன்னான். என்னைக் கேட்டால், அடிபட்ட நாய் நிழலைக் கண்டதும் படுத்துக்கொண்டது என்பேன்.

ஆனால் அந்த நிழல் அவனுக்குத் தொழிலையும் கொடுத்தது. காது கேட்காத பெண்டாட்டியோடு குடும்பம் நடத்த முகம் வேண்டும். கோபமா, கேலியா, பசியா, வெறும் களைப்பா என்பதைப் புருவத்தில் ஒரு அசைவாலேயே சொல்லியாக வேண்டும். பூடகமாகப் பேசினால் லெட்டி, "மூஞ்சி ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுது. எதை நம்புறது?" என்று கேட்பாள். இரண்டு வருஷம் அவளோடு வாழ்ந்ததில் ஆர்லோவின் முகம் பேசக் கற்றுக்கொண்டது. பிறகு நாடகக் கம்பெனி திவாலாகி, இருவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கு ரயிலேறினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் எடன்டேல் குன்றடியில் படக் கம்பெனிகள் கொட்டகை போட்டிருந்த காலம் அது.

மற்ற நாடகக்காரர்கள் கேமராவைக் கண்டதும் காக்கை ஓட்டுவதுபோலக் கையை வீசிக்கொண்டிருந்தார்கள். ஆர்லோ சும்மா நின்று ஒரு புருவத்தைத் தூக்கினான். டைரக்டர் ஹாஸ்கின்ஸ் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டான்: "யோவ், இந்த வித்தைய எங்கய்யா கத்துக்கிட்ட?"

"பிறவியிலயே வந்ததுங்க" என்றான் ஆர்லோ. அவன் சொன்ன முதல் பெரிய பொய் அது. லெட்டி பெயரை அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அவளை அவன் கம்பெனிப் பக்கம் அழைத்துப் போனதும் இல்லை. லெட்டியின் குரல் அவளுக்கே தெரியாத குரல், மூக்கும் தொண்டையும் சேர்ந்து கரடுமுரடாக வரும். வீட்டில் அவனோடு மட்டும்தான் பேசுவாள், வெளியாட்கள் முன்னால் வாயே திறக்கமாட்டாள். ஆட்டுக்குரலுக்காக ஊர் சிரித்தபோது துடித்தவன், பெண்டாட்டி குரலுக்காக ஊர் சிரித்துவிடுமோ என்று அவளை மறைத்து வைத்தான். சிரிப்புக்கு ஆளானவனுக்குத்தான் சிரிப்பைப் பற்றி அவ்வளவு பயம். அவளோ அவன் படத்தில் போடும் கோட்டு, கையுறை, கிழிசல் சட்டை எல்லாவற்றையும் தானே தைத்துக் கொடுத்தாள். அந்த நாளில் நடிகன்தான் தன் உடுப்பைக் கொண்டுபோக வேண்டும்.

வாரம் தவறாமல் லெட்டி சினிமாவுக்குப் போவாள். கோரா என்ற சிநேகிதி தலைமையில் காது கேளாதவர்களின் கூட்டம் ஒன்று முன்வரிசையைப் பிடித்துக்கொள்ளும். கொட்டகை முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது இவர்கள் மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் லெட்டி நடித்துக் காட்டுவாள்.

"அந்த ராஜகுமாரன் மண்டி போட்டு என்ன சொல்றான் தெரியுமா? திரையில வர்ற எழுத்துல 'தேவதையே'ன்னு போடுறான். வாயில, 'பூட்ஸு கடிக்குது, சீக்கிரம் முடிங்கடா பாவிகளா'ங்குறான்!"

ஆர்லோ இதைக் கம்பெனியில் போய்ச் சொல்லிக் கைதட்டல் வாங்குவான். "வாய ஜாக்கிரதையா வச்சுக்கங்கப்பா, என் வீட்டுக்காரி பார்க்குறா" என்பான். ஊமைப்படத்துக்கும் காது உண்டு என்று ஊருக்கே உபதேசம் செய்தவன் அவன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரப்பலகை அடித்த சின்ன வீடு. ஒருவரை ஒருவர் கூப்பிட வேண்டுமானால் தரையில் காலால் ஓங்கித் தட்டுவார்கள். எந்த அறையில் இருந்தாலும், பின்கட்டுத் துவைக்கும் மேடையில் நின்றாலும், பலகையின் அதிர்வு உள்ளங்காலில் ஏறி லெட்டி திரும்பிவிடுவாள். மகள் ரூபி பிறந்து நடக்கத் தொடங்கியதும் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான். அம்மா வேண்டுமென்றால் சின்னக் காலால் தொம் தொம் என்று குதிப்பாள். லெட்டி ஈரக்கையோடு ஓடி வருவாள்.

ரூபிக்கு இரண்டு வயதாகும்போது சளிக்காய்ச்சல் வந்தது. மத்தியானம் பிள்ளையைத் தொட்டிலில் தூங்கவைத்துவிட்டு லெட்டி துவைக்கப் போனாள். மறுநாள் ஷூட்டிங்குக்கு ஆர்லோவுக்கு வெள்ளைச் சட்டை வேண்டும். துவைத்துப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தபோது பிள்ளை நீலமாகிக் கிடந்தது. தொண்டை அடைத்துக்கொண்டுவிட்டது.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு டன்ஃபி அம்மாள் ஆர்லோவை வேலியோரம் இழுத்துக்கொண்டு போய் அழுதாள். "குழந்தை கத்துச்சு தம்பி. அரை மணி நேரம் இருக்கும். அப்புறம் குரல் அடைச்ச மாதிரி ஆச்சு. வீட்டுல அம்மாக்காரி இருக்காளேன்னு நான் சும்மா இருந்துட்டேன்."

ஆர்லோ உள்ளே போனான். லெட்டி தரையில் உட்கார்ந்து அவன் உதட்டையே பார்த்தாள். "அழுதாளா?" என்று கேட்டாள். "என்னைக் கூப்பிட்டாளா?"

"இல்ல. தூக்கத்துலயே போயிட்டா. டாக்டர் சொன்னாரு. சத்தமே போடல."

முகமும் வாயும் ஒன்றையே சொன்னதால் அவள் நம்பினாள். அந்த ஒரு வாக்கியம்தான் லெட்டியை மறுபடி எழுப்பி அடுப்பு மூட்ட வைத்தது. அவன் செய்த ஒரே நல்ல காரியம் என்று அதைச் சொல்லலாம். காலையில் கண் விழித்ததும் சில நாள் கேட்பாள், "தூக்கத்துலதானே?" அவன் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலில்தான் அவள் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று வருஷம் போனது. ஆர்லோ இன்னும் வில்லனுக்குக் கையாளாக, தூக்கில் தொங்கும் திருடனாகத்தான் நடித்துக்கொண்டிருந்தான். போஸ்டரில் பெயர் இல்லை. அப்போதுதான் ஹாஸ்கின்ஸ் அவனுக்குக் கதாநாயகன் வேஷம் கொடுத்தான். பிறர் செய்த குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஜெயிலுக்குப் போகிற குமாஸ்தா. காரணத்தைச் சொல்லாமல் காதலியிடம் விடைபெற வேண்டும். காதலி, வெர்னா என்ற புதுப்பெண்.

காலை முழுக்க எடுத்தும் காட்சி அமையவில்லை. கண்ணீர் வருவதற்காக ஓரமாக ஒருவன் பிடில் வாசித்துக் கை சோர்ந்துபோனான். ஆர்லோவின் முகம் கட்டையாக நின்றது. ஹாஸ்கின்ஸ் ஒன்றும் திட்டவில்லை. "சரி, உக்காருங்க, இளைப்பாறுங்க" என்றான்.

எங்கள் படக் கம்பெனிகளில் அப்போது ஒரு வழக்கம். டைரக்டர் விசில் ஊதினால் கேமரா ஓடும், மறுபடி ஊதினால் நிற்கும். விசிலுக்கு முன்னும் பின்னும் நீ என்ன பேசினாலும் அது உன் சொந்தப் பேச்சு. கூரையில்லாத மேடை, பக்கத்துத் தளத்தில் தச்சர்கள் ஆணி அடிக்கிறார்கள், அங்கே இன்னொரு கேமரா கரகரக்கிறது. எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. எல்லோரும் விசிலை நம்பித்தான் பிழைத்தார்கள்.

வெர்னா மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்குக் குழந்தைங்க இல்லையா, ஆர்லோ?"

ஹாஸ்கின்ஸ் கேட்கச் சொல்லிக் கேட்டாள் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? ஹாஸ்கின்ஸ் தொப்பியை விரலால் தொட்டதும், கேமராக்காரன் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கியதும் அவன் முதுகுக்குப் பின்னால் நடந்தவையா என்றால், இல்லை, நேரெதிரேதான் நடந்தன. ஆனால் அவன் அப்போது வெர்னாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை அந்தப் புதுப்பெண்ணிடம் சொன்னான்.

"இருந்தா. ரூபி. தூக்கத்துல போயிட்டான்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். பொய். அரை மணி நேரம் கத்துனா. பக்கத்து வீடு வரைக்கும் கேட்டுச்சு. இவ முதுகைக் காட்டிக்கிட்டு என் சட்டையத் துவைச்சுக்கிட்டு நின்னா. நான் மன்னிச்ச மாதிரி தினம் தினம் நடிக்கிறேன். மன்னிக்கல, வெர்னா. லெட்டியோட முதுகைப் பார்க்குறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது. அவளுக்குப் பதிலா..."

மீதியையும் சொன்னான். அதை நான் எழுதப்போவதில்லை. வெர்னா நிஜமாகவே அழுதாள். ஹாஸ்கின்ஸ் ஒருமுறை விசில் ஊதினான். நிறுத்துவதற்கான விசில்.

கம்பெனியின் சின்ன இருட்டறையில் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். திரை முழுக்க அவன் முகம், உதடு கதவு அகலத்துக்கு. அடுத்து எழுத்து வந்தது: "உன்னை நேசிப்பதால்தான் உன்னை விட்டுப் போகிறேன்." அறையிலிருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். உலகம் இதுவரை காணாத முகம் என்றார் முதலாளி.

ஆர்லோ ஹாஸ்கின்ஸைத் தனியே பிடித்துக்கொண்டான். "அந்தக் குளோசப்ப வெட்டிடுங்க. கால்ல விழுறேன்."

"ஏன்யா?"

"என் வீட்டுக்காரி உதட்டைப் படிப்பா."

ஹாஸ்கின்ஸ் ரொம்ப நேரம் சிரித்தான். "ஒரு செவிடிக்காகப் படத்தோட உசிர எடுக்கச் சொல்றியா? சரி. நாளைக்கு மறுபடி எடுப்போம். இதுல பாதி வந்தாலும் போதும், அதையே போட்டுடுறேன்."

எடுத்தார்கள். ஆர்லோ அழுதான், விம்மினான், நெற்றியில் அடித்துக்கொண்டான். எல்லாம் டொலீடோ ஆடு. பிடில்காரன் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இப்ப நீயே சொல்லு" என்றான் ஹாஸ்கின்ஸ். "வெட்டணும்னா வெட்டுறேன். வேற ஆள வச்சு முழுசா எடுத்துக்குறேன், நீ பழையபடி தூக்குல தொங்கப் போ. வேணாம்னா போஸ்டர்ல உன் பேரு மேல வரும், பெரிய எழுத்துல."

ஆர்லோ தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே நின்றான். கடைசியில் கேட்டது இவ்வளவுதான்: "எவ்வளவு பெரிய எழுத்து?"

சண்டாளன்! வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

பிறகு அவன் போட்ட திட்டம் நாடகக்காரன் புத்தியில் பிறந்தது. நாடகம் ஒரு நேரத்தில் ஒரு ஊரில்தான் நடக்கும். டொலீடோவில் நடந்தால் சிகாகோவில் இருக்காது. படம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓடி முடியும்வரை லெட்டியை ஊரைவிட்டு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? அவளோ போஸ்டரில் பெயர் வரும் என்று அறிந்ததும் குழந்தைபோலக் குதித்தாள். முதல் நாள் உடுத்திக்கொள்ளத் தனக்கொரு நீலக் கவுன் வேறு தைத்து வைத்திருந்தாள்.

"படம் தள்ளிப் போயிடுச்சு, லெட்டி. நானும் மலைப்பக்கம் ஷூட்டிங் போறேன். நீ பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு உன் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாயேன்."

"சரி, வந்தப்புறம் சேர்ந்தே பார்க்கலாம். நீ இல்லாம முதல் நாள் பார்க்க எனக்கும் பிடிக்காது" என்றாள் அவள். ரயில் புறப்படும்போது ஜன்னலில் இருந்து கையை மார்பில் வைத்துக் காட்டினாள். ஆர்லோ நிம்மதியாக வீடு திரும்பி, போஸ்டரில் தன் பெயரைப் பார்க்கப் போனான். பெரிய எழுத்துதான். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தும் படிக்க முடிந்தது.

பேக்கர்ஸ்ஃபீல்டில் அக்கா வீட்டுத் தெருமுனையிலேயே ஒரு கொட்டகை. ஒரே படத்துக்கு எத்தனையோ பிரதிகள் உண்டு, எல்லா ஊருக்கும் ஒரே வாரத்தில் போகும் என்பதைப் படத்தில் பிழைத்தவன் மறந்துவிட்டான். அக்காவும் அவள் பிள்ளைகளும் குதூகலமாக லெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள். குளோசப் வந்தபோது கொட்டகையே அழுதது, அக்காவும் தேம்பினாள். லெட்டி அழவில்லையாம். மறுநாளும் போனாளாம். அதற்கு மறுநாளும். கொட்டகையிலிருந்து படத்தைத் தூக்கும்வரை தினமும் போனாள் என்று அக்கா பிறகு ஆர்லோவிடம் பெருமையாகச் சொன்னாள்: "புருஷன் மேல என்ன பிரியம் பாருங்க, தம்பி!"

ரயில் நிலையத்தில் அவன் பூங்கொத்தோடு காத்திருந்தான். லெட்டி இறங்கினாள். நேராக வந்து அவன் உதட்டைப் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவில், அந்தக் கரடுமுரடான குரலில், உரக்கக் கேட்டாள்.

"அரை மணி நேரமா?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்லோவுக்கு அந்த நேரத்திலும் கூச்சம் வந்தது. "மெதுவாப் பேசு" என்றான் முதலில். அதற்குப் பிறகுதான், "அது நடிப்பு, லெட்டி. படத்துக்காகச் சொன்னது, சத்தியமா..." என்று தொடங்கினான். அவள் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினாள். அதோடு சரி. அவன் உதட்டை அவள் பார்த்தது அதுவே கடைசி.

விட்டுப் போகவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, சட்டை வெளுத்து வந்தது, கோட்டு தைத்து வந்தது. அவன் தரையில் தட்டினால் வருவாள். வந்து அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முகத்தைப் பிடித்து நிமிர்த்தினால் கண்ணை மூடிக்கொள்வாள். எழுதிக் காட்டினால் அந்தக் காகிதத்தால் அடுப்பைப் பற்றவைப்பாள். லட்சம் பேர் பார்த்து அழுத முகம் அது. சொந்த வீட்டில் அதைப் பார்க்க ஆளில்லை. செவிடன் காதில் சங்கு ஊதினால் சங்காவது கண்ணில் படும். இவனுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

கோராவின் கூட்டமும் படத்தைப் பார்த்திருந்தது. தெருவில் அவனைக் கண்டால் அவர்களும் ஒருவர் விடாமல் அவன் பொத்தானைப் பார்த்தார்கள்.

சில வருஷம் அவன் பெயர் மேலே ஓடியது. ஒவ்வொரு டைரக்டரும், "அந்த முகத்தை இன்னொரு தடவ குடுங்க, டென்னிங்" என்றார்கள். குடுக்க முடியவில்லை. அதைக் கற்றுக்கொடுத்தவள் பார்ப்பதை நிறுத்தியதும் முகம் மெல்ல மெல்லக் கட்டையானது. அப்புறம் பேசும்படம் வந்தது. குரல் சோதனைக்கு அழைத்தார்கள். மைக்குக்கு முன்னால் நின்று, "என் கண்ணே" என்றான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பையன்கள் மேஜையில் கவிழ்ந்து சிரித்தார்கள். டொலீடோவிலிருந்து புறப்பட்டவன் சுற்றிச் சுற்றி டொலீடோவுக்கே வந்து சேர்ந்தான்.

வேலை போய் வீட்டோடு கிடந்தான். நாள் முழுக்க லெட்டியின் முதுகோடு பேசினான். "திரும்பு லெட்டி. ஒரே ஒரு தடவ பாரு. நான் மன்னிச்சுட்டேன், நீயும் மன்னிச்சுடு" என்பான். பாவி, அப்போதும் தான் மன்னித்ததைத்தான் முதலில் சொன்னான்.

ஒரு மத்தியானம் அவனுக்கு மார்பில் வலி பிடித்தது. கட்டிலில் இருந்து எழ முடியவில்லை. திறந்திருந்த கதவு வழியாகப் பின்கட்டு மேடை தெரிந்தது. லெட்டி தொட்டியில் குனிந்து அவன் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டான். கூப்பிட்டுப் பயனில்லை என்று தெரிந்தும் அந்த ஆட்டுக்குரலில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். பிறகு காலைத் தொங்கவிட்டுக் குதிகாலால் பலகையில் தட்டினான். தொம். தொம்.

சோப்பு நுரைக்குள் அவள் கை நின்றது. அவன் அதைக் கண்ணால் பார்த்தான். வெறுங்காலோடு நிற்கிறாள், பலகை அதிர்கிறது, அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஓங்கித் தட்டினான். அவள் தலை கொஞ்சம் சாய்ந்தது, எதையோ எண்ணிப் பார்ப்பதுபோல. பிறகு கை மறுபடி ஓடத் தொடங்கியது. அவன் தட்டிக்கொண்டே இருந்தான். அவள் கழுத்துப்பட்டையைத் தேய்த்து, அலசி, பிழிந்து, உதறிக் காயப்போட்டாள்.

மறுநாள் வீட்டில் கூட்டம். கிழவியாகிவிட்ட டன்ஃபி அம்மாள் சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று மூக்கைத் துடைத்தாள். "சத்தம் கேட்டுச்சும்மா. ரொம்ப நேரம் கூப்பிட்டாரு, தட்டுனாரு. வீட்டுல பொண்டாட்டி இருக்காளேன்னு நான் சும்மா இருந்துட்டேன்."

லெட்டி அவள் உதட்டைக் கடைசிவரை பார்த்தாள். பிறகு அத்தனை பேர் முன்னிலையில், தன் குரலைப் பற்றிக் கொஞ்சமும் கூசாமல் சொன்னாள்.

"இல்ல. தூக்கத்துலயே போயிட்டாரு. சத்தமே போடல."